சவுடு மண் லாரிகளால் சிதையும் கிராமச் சாலை: குவாரி அறிக்கை எதைக் கணக்கிடுகிறது, எதை விட்டுவிடுகிறது? - முழு விவரம்

சோழவரம், காரனோடை, தச்சூர் கூட்டுச்சாலை பக்கம் டூ வீலரில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஏரிப் பக்கத்தில் இருந்து டாரஸ் லாரிகள் வரிசையாக வரும். சில லாரிகளில் தார்ப்பாய் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இரண்டு, மூன்று கிலோமீட்டர் கிராமச் சாலையில் ஓடி, சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் ஏறிவிடும். சில மாதம் கழித்துப் பார்த்தால் லாரிகள் இருக்காது. சாலையும் இருக்காது. பள்ளமும் புழுதியும்தான் மிச்சம்.

குவாரி தரப்பில் கேட்டால், "எல்லா பர்மிஷனும் இருக்கு" என்பார்கள். அது பெரும்பாலும் பொய் கிடையாது. ஊராட்சியில் கேட்டால், "நிதி வந்தால்தான் ரோடு போட முடியும்" என்பார்கள். அதுவும் பொய் கிடையாது. அப்படியென்றால் தவறு எங்கே நடக்கிறது?

திருவள்ளூர் மாவட்டத்தில் கிராம மக்கள் சவுடு மண் லாரிகளைச் சிறைபிடித்துப் போராடும் செய்தி அடிக்கடி வருகிறது. ஒரு சிறிய குவாரி பக்கத்துச் சாலையை என்ன செய்யும் என்பதை அரசு எப்படி மதிப்பிடுகிறது, அந்த மதிப்பீட்டில் எது விடுபடுகிறது, மக்கள் எதைக் கேட்கலாம் என்பதை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

சோழவரம் பகுதியில் மண்ணுக்கு ஏன் இவ்வளவு தேவை?

சோழவரம் ஏரி சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் ஒன்று. சுற்றிலும் சின்னதும் பெரியதுமாக ஏராளமான பாசன ஏரிகள் உள்ளன. ஏரி இருக்கும் இடத்தில் வண்டலும் சவுடும் இருக்கும்.

வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், கிழக்கே காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளி துறைமுகமும், நடுவில் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாகக் குடோன்கள், லாரி யார்டுகள், மனைப்பிரிவுகள். இந்தப் பகுதியின் பெரும்பகுதி தாழ்வான நிலம். எதைக் கட்டினாலும் முதலில் மண்ணைக் கொட்டி மேடாக்க வேண்டும்.

இதோடு இரண்டு பெரிய சாலைத் திட்டங்களும் சேர்ந்துகொண்டன. எண்ணூர் துறைமுகத்தில் தொடங்கி தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை போகும் சென்னை எல்லைச் சாலை சுமார் 133 கிலோமீட்டர். ஆந்திர மாநிலம் சித்தூரில் இருந்து தச்சூருக்கு வரும் ஆறு வழிச்சாலை சுமார் 126 கிலோமீட்டர். இரண்டும் சந்திக்கும் இடம் சோழவரத்துக்குப் பக்கத்தில் உள்ள தச்சூர். புதிய நெடுஞ்சாலைகளைத் தரைமட்டத்தில் போடுவதில்லை. கரை எழுப்பி அதன் மேல்தான் போடுகிறார்கள். அந்தக் கரைக்கு மண் வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலை கனரக வாகனங்களுக்காகவே போடப்பட்டது. அதற்கு இந்த லாரிகள் பெரிய சுமை இல்லை. சிக்கல், ஏரிக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் இருக்கும் கிராமச் சாலைக்குத்தான். அது பால் வண்டிக்கும், மினி பஸ்ஸுக்கும், டிராக்டருக்கும் போட்ட சாலை. ஒரு ஊருக்கு நல்ல சாலை போட, இன்னொரு ஊரின் சாலை கெடுகிறது.

'சிறிய குவாரி' என்றால் என்ன? அனுமதி யார் தருவது?

சாலை, கட்டடம், கரை அமைக்கப் பயன்படும் சாதாரண மண்ணை மத்திய அரசு 2000-ம் ஆண்டு சிறு கனிமமாக அறிவித்தது. சிறு கனிமங்களுக்கான விதிகளை மாநிலங்களே வகுக்கலாம். தமிழகத்தில் இது 1959-ம் ஆண்டு சிறு கனிம சலுகை விதிகளின் கீழ் வருகிறது. மாவட்ட ஆட்சியர் பெயரில் அனுமதி வழங்கப்படும். புவியியல் மற்றும் சுரங்கத்துறை ஆய்வு செய்யும். ஏரி என்றால் நீர்வளத்துறையின் கருத்தும் கேட்கப்படும்.

சுற்றுச்சூழல் அனுமதி இதில் இருந்து தனி. முன்பு 5 ஹெக்டேருக்குக் குறைவான (சுமார் 12 ஏக்கர்) சிறு கனிமக் குவாரிகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படவில்லை. பெரிய இடத்தை 5 ஹெக்டேருக்கும் குறைவான துண்டுகளாகப் பிரித்து அனுமதி வாங்கும் வழக்கம் வந்ததால், தீபக் குமார் எதிர் ஹரியானா அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 27-ல் அந்த வழியை அடைத்தது. எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் ஆனது.

ஆனால் இப்போதும் அளவைப் பொறுத்து நடைமுறை மாறுகிறது. 5 ஹெக்டேர் வரையிலான தனிக் குவாரி 'பி2' பிரிவில் வரும். இதற்கு முழுமையான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டாம். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் கிடையாது. விண்ணப்பம், சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டம் ஆகியவற்றை மாநில நிபுணர் குழு பார்த்துப் பரிந்துரைக்கும். மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி வழங்கும்.

அதாவது, சாலையைப் பயன்படுத்தும் மக்களின் கருத்தைக் கேட்கும் கட்டாயம் இல்லாமலேயே ஒரு சிறிய குவாரி தொடங்கிவிடலாம்.

50 மீட்டர், 10 மீட்டர் இடைவெளி எதற்கு?

"ரோட்டுக்குப் பக்கத்துலயே தோண்டுறாங்க" என்பது பொதுவான புகார். சுரங்கக் குத்தகைகளில் பொதுச்சாலையில் இருந்து 50 மீட்டர், கிராமச் சாலை என்றால் 10 மீட்டர் இடைவெளி விடச் சொல்வது வழக்கம்.

இது சாலையோரம் சரிந்து பள்ளத்தில் விழாமல் இருப்பதற்கான பாதுகாப்பு மட்டுமே. சாலை மேல் ஓடும் லாரிக்கும் இந்த இடைவெளிக்கும் சம்பந்தம் கிடையாது. 50 மீட்டர் என்ன, இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தோண்டினாலும் மண் அதே சாலை வழியாகத்தான் வெளியே போக வேண்டும்.

அறிக்கையில் சாலையை எப்படி அளக்கிறார்கள்?

போக்குவரத்து ஆய்வில் முதல் வேலை வாகனங்களை எண்ணுவது. பைக், கார், டிராக்டர், லாரி எல்லாம் ஒரே அளவு இடத்தை எடுப்பதில்லை. அதனால் எல்லாவற்றையும் கார் கணக்குக்கு மாற்றுவார்கள். இதற்குப் 'பி.சி.யூ.' என்று பெயர். இந்திய சாலைகள் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) வழிகாட்டுதலின்படி, ஊரகச் சாலைகளில்:

• கார் - 1
• இரு சக்கர வாகனம் - 0.5
• லாரி அல்லது பஸ் - 3
• டிரெய்லருடன் டிராக்டர் - 4.5

அடுத்து சாலையின் கொள்ளளவு. ஒரு வழித்தட அகலம் கொண்ட சாலை ஒரு நாளைக்கு 2,000 பி.சி.யூ., இரு வழித்தடச் சாலை 15,000 பி.சி.யூ. தாங்கும் என்பது ஐ.ஆர்.சி. கணக்கு.

ஓடும் வாகனக் கணக்கைக் கொள்ளளவால் வகுத்தால் ஒரு எண் வரும். அது 0.2-க்குள் இருந்தால் 'மிகச் சிறப்பு', 0.4-க்குள் 'மிக நன்று', 0.6-க்குள் 'நன்று' என்று மதிப்பீட்டு அறிக்கைகளில் தரம் போடுவார்கள். 0.6-ஐத் தாண்டினால்தான் 'மோசம்'.

"குவாரி வந்தாலும் சாலையின் தரம் மாறாது" என்ற வரி இந்தக் கணக்கில் இருந்துதான் வருகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்

புரிவதற்காக ஒரு கற்பனைக் குவாரியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 24,000 யூனிட் மண். (ஒரு யூனிட் என்பது 100 கன அடி.) ஆறு மாத அனுமதி, 150 வேலை நாள். வெளியே போகும் வழி ஒரு வழித்தடக் கிராமச் சாலை. அதில் ஏற்கெனவே ஒரு நாளைக்கு 600 பி.சி.யூ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

மண் அள்ளப் பயன்படும் 10 சக்கர டாரஸ் லாரி, சுமையோடு சேர்த்து 28.5 டன் வரை இருக்கலாம் என்கிறது 2018 ஜூலையில் மத்திய அரசு உயர்த்திய வரம்பு. காலி லாரியே சுமார் 12 டன் வரும். மிச்சம் 16.5 டன். சவுடு மண்ணில் இது ஏறக்குறைய 4 யூனிட்.

முதல் வகை, சட்டப்படி 4 யூனிட் ஏற்றுவது. மொத்தம் 6,000 லோடு. ஒரு நாளைக்கு 40 லோடு. போக, வர 80 நடை. ஒரு நடைக்கு 3 வீதம் 240 பி.சி.யூ. ஏற்கெனவே உள்ள 600-ஐச் சேர்த்தால் 840. அதை 2,000-ஆல் வகுத்தால் 0.42. தரம்: 'நன்று'.

இரண்டாம் வகை, வரம்பை மீறி 6 யூனிட் ஏற்றுவது. மொத்தம் 4,000 லோடுதான். ஒரு நாளைக்கு சுமார் 27 லோடு. 54 நடை, சுமார் 160 பி.சி.யூ. மொத்தம் 760. வகுத்தால் 0.38. தரம்: 'மிக நன்று'.

கவனித்தீர்களா? ஓவர்லோடு ஏற்றினால் அறிக்கையில் தரம் கூடுகிறது. லாரி எண்ணிக்கை குறைவதால் சாலைக்கு நல்லது என்று காகிதம் சொல்கிறது.

நிஜத்தில் நடப்பது நேர் எதிர்.

சாலையைக் கெடுப்பது நெரிசல் அல்ல, எடை

பி.சி.யூ. கணக்கு கேட்கும் கேள்வி, 'சாலையில் இடம் இருக்கிறதா?' என்பது. 'சாலை தாங்குமா?' என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு கணக்கு இருக்கிறது.

அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. தனியாகச் சாலைகளை அமைத்து, வெவ்வேறு எடையில் லாரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டி, எப்போது சாலை கெடுகிறது என்று பார்த்தார்கள். அதில் கிடைத்த விதி உலகம் முழுக்க இன்றும் பயன்பாட்டில் உள்ளது. ஒரு ஆக்சில் மேல் இறங்கும் எடை இரண்டு மடங்கானால், சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கு ஆகாது. ஏறக்குறைய 16 மடங்கு ஆகும். எடையின் நான்காம் அடுக்கில் சேதம் ஏறுகிறது என்பதால் இதை 'நான்காம் அடுக்கு விதி' என்பார்கள்.

ஐ.ஆர்.சி.யும் சாலையின் தடிமனை இந்த அடிப்படையில்தான் வடிவமைக்கச் சொல்கிறது. 8.16 டன் எடை கொண்ட ஓர் ஆக்சிலை 'ஸ்டாண்டர்டு ஆக்சில்' என்று வைத்து, எல்லா வாகனங்களின் சேதத்தையும் அந்த எண்ணுக்கு மாற்றுவார்கள்.

அப்படி மாற்றிப் பார்த்தால்:

• 28.5 டன்னில் ஓடும் லாரி ஒரு தடவை போனால் சுமார் 5.8 ஸ்டாண்டர்டு ஆக்சில் சேதம்.
• 6 யூனிட் ஏற்றி, ஏறக்குறைய 36.7 டன்னில் ஓடும் அதே லாரி ஒரு தடவை போனால் சுமார் 16.3.

மண் ஒன்றரை மடங்குதான் கூடியது. சேதம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

பி.சி.யூ. கணக்கில் ஒரு லாரி 3 காருக்குச் சமம். காலியாக வந்தாலும் 3, சரியான எடையில் வந்தாலும் 3, ஓவர்லோடில் வந்தாலும் 3. ஆனால் சேதக் கணக்கில், சுமை ஏற்றிய ஒரு டாரஸ் பல்லாயிரம் கார்களுக்குச் சமம்.

10 ஆண்டு சாலை 6 மாதத்தில் போவது எப்படி?

கிராமச் சாலைகளுக்கு ஐ.ஆர்.சி. தனி வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. அதில் சாலைகளை டி1, டி2, டி3 என்று வகை பிரித்திருக்கிறார்கள். உதாரணமாக, டி2 வகைச் சாலை அதன் 10 ஆண்டு வாழ்நாளில் மொத்தமாக 30,000 முதல் 60,000 ஸ்டாண்டர்டு ஆக்சில் தாங்கும்படி போடப்படுகிறது.

நம் கற்பனைக் குவாரிக்கு வருவோம்.

சட்டப்படி ஏற்றினால்: 6,000 லோடு, லோடுக்கு 5.8. மொத்தம் சுமார் 35,000. டி2 சாலையின் உச்ச வரம்பை எடுத்துக்கொண்டாலும், 10 ஆண்டு ஆயுளில் பாதிக்கு மேல் 6 மாதத்தில் காலி.

ஓவர்லோடு ஏற்றினால்: 4,000 லோடு, லோடுக்கு 16.3. மொத்தம் சுமார் 65,000. முழு ஆயுளும் காலி. ஊர்க்காரர்களின் சொந்தப் போக்குவரத்துக்கு மிச்சம் எதுவும் இல்லை.

அறிக்கையில் 0.38, 'மிக நன்று' என்று இருக்கும் அதே சாலைதான் இது.

விதிகளை ஒழுங்காகப் பின்பற்றும் குவாரியும் சாலையின் பாதி ஆயுளைத் தின்றுவிடுகிறது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். ஓவர்லோடை மட்டும் தடுத்தால் போதும் என்று நினைக்க முடியாது. சட்டப்படி ஓடும் லாரிகளின் சேதத்துக்கும் யாராவது கணக்கு வைத்து, பணம் ஒதுக்கியாக வேண்டும்.

அறிக்கையில் வேறு என்னென்ன விடுபடுகின்றன?

பக்கத்துக் குவாரிகள்: ஒரு குவாரி எல்லையில் இருந்து 500 மீட்டருக்குள் இன்னொரு குவாரி இருந்தால், அவை ஒரு தொகுப்பாகப் பார்க்கப்படும். மொத்தம் 5 ஹெக்டேரைத் தாண்டினால் முழு மதிப்பீடும் மக்கள் கருத்துக் கேட்பும் வேண்டும். ஆனால் இரண்டு ஏரிகள் ஒன்றுக்கொன்று இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்து, இரண்டின் லாரிகளும் ஒரே சாலையில் வந்தால்? தொகுப்புக் கணக்கில் அது வராது. ஒவ்வொரு அறிக்கையும் தன் லாரியை மட்டும் எண்ணும். சாலை எல்லாவற்றையும் தாங்கும்.

மழைக்காலம்: ஏரி, வயல் ஒட்டிய சாலைகளில் அடிமண் ஈரமாகவே இருக்கும். வடகிழக்குப் பருவமழையின்போது தண்ணீர் ஊறிய அடிமண்ணின் வலு குறைந்துவிடும். கோடையில் தாங்கிய எடையை அதே சாலை ஐப்பசியில் தாங்காது. ஈர மண்ணின் எடையும் கூடுதல் என்பதால், அதே 4 யூனிட்டே வரம்பைத் தாண்டலாம்.

சிறு பாலங்கள்: வாய்க்கால் மேல் உள்ள குழாய்ப் பாலங்களும் பழைய கல்வெட்டுப் பாலங்களும் எத்தனை டன் தாங்கும் என்ற சோதனை தேவை. தார் பெயர்ந்தால் ஒட்டுப் போடலாம். பாலம் உட்கார்ந்தால் ஊரே துண்டிக்கப்படும்.

சாலை ஓரம்: மூன்றே முக்கால் மீட்டர் அகலச் சாலையில் எதிரே வாகனம் வந்தால் லாரி மண் ஓரத்தில் இறங்கித்தான் ஏற வேண்டும். முதலில் உடைவது தார் விளிம்பு. டூ வீலர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சிந்தும் மண்: வெயிலில் புழுதி, மழையில் சேறு. காற்றில் பி.எம்.10 துகள் ஒரு கன மீட்டருக்கு 24 மணி நேர சராசரியாக 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது தேசிய அளவுகோல். அறிக்கைக்கான அளவீட்டைக் குவாரி தொடங்கும் முன் எடுப்பார்கள். லாரி ஓடும்போது, சாலையோர வீட்டு வாசலில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

பள்ளி நேரம்: காலை 8 முதல் 10, மாலை 3.30 முதல் 5.30 வரை எத்தனை லாரி ஓடுகிறது என்பது நாள் சராசரியில் மறைந்துவிடும்.

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன?

சவுடு என்ற பெயரில் ஆற்று மணல் அள்ளப்படுவதாகத் தொடரப்பட்ட வழக்குகளில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 பிப்ரவரியில் முக்கியத் தீர்ப்பு அளித்தது. 'சவுடு' என்ற பேச்சுவழக்குப் பெயரில் அனுமதி தரக் கூடாது, அந்த மண்ணில் என்ன கனிமம் இருக்கிறது என்று ஆய்வு செய்த பிறகே அனுமதி தர வேண்டும் என்பது அதன் சாரம்.

சாலைத் திட்டங்களுக்கு மண் எடுப்பது தொடர்பாக இன்னொரு முக்கியத் தீர்ப்பு உள்ளது. சாலை, ரயில் பாதை போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம் என்று மத்திய அரசு 2020 மார்ச் 28-ல் விலக்கு அளித்தது. எவ்வளவு மண், எந்த இடம், என்ன நிபந்தனை என்று எதுவும் சொல்லாத இந்த விலக்கை, உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21-ல் ரத்து செய்தது. தச்சூர் பக்கம் நடப்பது போன்ற நெடுஞ்சாலைப் பணிகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

ஓவர்லோடுக்கு என்ன தண்டனை?

மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவின்படி, அதிக எடை ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம். அதோடு, கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். நம் உதாரணத்தில் 8 டன் கூடுதல் என்றால் 36,000 ரூபாய். கூடுதல் சுமையை இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்க முடியும்.

நடைச்சீட்டு இல்லாமல் கனிமம் கொண்டுபோனால் அது கனிமச் சட்டத்தின்படி தனிக் குற்றம். 21-வது பிரிவின் கீழ் வாகனத்தைப் பறிமுதல் செய்யலாம். அதிகபட்சம் 5 ஆண்டு சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு.

ஒரு சாலையில் குறிப்பிட்ட வகை வாகனங்களைத் தடை செய்யவோ கட்டுப்படுத்தவோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-வது பிரிவு அதிகாரம் தருகிறது. எடை வரம்பு, நேரக் கட்டுப்பாடு எல்லாம் இதன் கீழ் வரும்.

உடைந்த சாலையைச் சரிசெய்யும் செலவு யாருடையது?

முதலில் அந்தச் சாலை யாருடையது என்று பார்க்க வேண்டும். ஊராட்சிச் சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத்துறையின் இதர மாவட்டச் சாலை என்று பல வகை உண்டு. குவாரிக்கு அனுமதி தருவது ஒரு துறை, எடையைச் சோதிப்பது இன்னொரு துறை, சாலையைப் பராமரிப்பது மூன்றாவது அமைப்பு. சேதக் கணக்கு யார் மேசையிலும் முழுமையாக வருவதில்லை.

குவாரிக்காரர் அரசுக்கு சீனியரேஜ் தொகை கட்டுகிறார். அதோடு மாவட்ட கனிம அறக்கட்டளைக்கும் பணம் செலுத்துகிறார். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்குச் செலவிடுவதற்கான நிதி இது. குடிநீர், சுகாதாரம், கல்வி ஆகியவை முன்னுரிமைப் பிரிவில் உள்ளன. சாலை, பாலம் போன்றவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் இந்தக் குவாரி இந்தச் சாலையைக் கெடுத்தது, அதனால் இவ்வளவு ரூபாய் இந்தச் சாலைக்கு என்ற நேரடித் தொடர்பு அதில் இல்லை.

வெளிநாடுகளில் இந்தத் தொடர்பைச் சட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1980-ம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 59-வது பிரிவு, அதிக எடையாலோ வழக்கத்துக்கு மாறான போக்குவரத்தாலோ சாலை சேதமானால், கூடுதல் பராமரிப்புச் செலவை அதற்குக் காரணமானவரிடம் இருந்தே வசூலிக்கச் சொல்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், எடை வரம்பு போட்ட கிராமச் சாலையில் அதற்கு மேல் கனரக லாரி ஓட்ட வேண்டுமா? முன்கூட்டியே பிணைத்தொகை கட்ட வேண்டும். சாலை கெட்டால் அந்தப் பொறுப்பு லாரி ஓட்டும் நிறுவனத்துடையது.

இரண்டிலும் முக்கியமான ஒன்று, குவாரி தொடங்கும் முன் சாலை எப்படி இருந்தது என்ற பதிவு. அது இல்லாவிட்டால், "ரோடு முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு" என்ற ஒரே பதிலில் எல்லாம் முடிந்துவிடும்.

மக்கள் என்ன செய்யலாம்?

1. லாரி வரும் முன்பே சாலையைப் பதிவு செய்யுங்கள். தேதி தெரியும்படி 100 மீட்டருக்கு ஒரு படம். பாலங்கள், வளைவுகள், விளிம்புகள் தனியாக.

2. அனுமதி ஆவணத்தைப் பாருங்கள். சுற்றுச்சூழல் அனுமதிகள் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பொதுப் பார்வைக்கு உள்ளன. அதில் எத்தனை கன மீட்டர், எத்தனை நாள், எந்த வழி என்று இருக்கும். மண் சிந்தாமல் மூடிக் கொண்டுபோவது, தண்ணீர் தெளிப்பது போன்ற நிபந்தனைகளும் வழக்கமாக இடம்பெறும்.

3. நீங்களே கணக்குப் போடுங்கள். மொத்தக் கன மீட்டரை 11-ஆல் வகுத்தால், சட்டப்படி ஏற்றினால் எத்தனை லோடு என்று ஏறக்குறையத் தெரியும். அதை வேலை நாட்களால் வகுங்கள். அனுமதியில் சொன்ன லோடு எண்ணிக்கை இதைவிட மிகக் குறைவாக இருந்தால், ஓவர்லோடை நம்பித்தான் திட்டமே போடப்பட்டிருக்கிறது என்று கேட்கலாம்.

4. தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வழங்கிய நடைச்சீட்டு எத்தனை, எடைமேடைப் பதிவு இருக்கிறதா, சாலை எந்த வகையில் வடிவமைக்கப்பட்டது, அதன் வலு சோதிக்கப்பட்டதா என்பவை முக்கியக் கேள்விகள். பதில் தர 30 நாள் அவகாசம். சாலையின் வலுவை அளக்க 'பென்கெல்மன் பீம்' என்ற எளிய சோதனை பல காலமாகவே உள்ளது.

5. கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். "குவாரி வேண்டாம்" என்ற ஒரு வரியோடு நிறுத்தாமல், எடைமேடை, பள்ளி நேரத் தடை, மழைக்கால நிறுத்தம், முன்பணம் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

6. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கும்போது, சுரங்கத்துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலர், சாலையைப் பராமரிக்கும் அமைப்பு என மூவருக்கும் நகல் அனுப்புங்கள்.

7. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்க வேண்டுமென்றால் காலக்கெடு முக்கியம். அனுமதி தெரியவந்த 30 நாட்களுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே உள்ளது.

லாரிகளைச் சிறைபிடித்தால் அன்றைக்கு லாரி நிற்கும். மறுநாள் பேச்சுவார்த்தை நடந்து மீண்டும் ஓடும். ஆனால் அடுத்த முறை அதிகாரிகள் அறிக்கையைக் காட்டி "சாலையில் இடம் இருக்கிறது" என்று சொன்னால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இடம் இருக்கு சார், தாங்குமா?"